சானல்கரையில் ஒரு மாதம்

நவம்பர் 30

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வார்டு மெம்பர் வீடு என்பதால், எழுத உட்காரும்போதெல்லாம் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். இன்று விடியற்காலையிலிருந்தே மழை, ஒருவரும் வரவில்லை. 2017-இல் ஒக்கி புயல் அடித்ததும் இதே நவம்பர் 30 தான். மழை கொஞ்சம் வலுத்தாலே அம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள்.

நவம்பர் 1 நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு லீவு என்பது உனக்கு மறந்திருக்காது. 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். இப்போது அதுதான் உள்ளாட்சி தினமும். இந்த முறை அந்த நாளை நம்ம சானலை, அந்தப் பாசனக் கால்வாயை, வாரக் கொடுப்போம் என்று வார்டில் பேசி வைத்திருந்தோம்.

நாம் குளித்த படித்துறைக்குக் கீழே, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற ஒரு கலுங்கு உண்டே, அதன் அடி முழுவதும் அடைந்து கிடந்தது. சானல் ஒரு துறைக்குச் சொந்தம், அதில் வந்து விழும் ஓடை பேரூராட்சிக்கு, மேலே போகும் ரோடு இன்னொரு துறைக்கு. இரண்டு வருடமாக மனு கொடுக்கிறேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். அணையிலிருந்து புறப்பட்டு, மாத்தூர் தொட்டிப் பாலத்தில் 115 அடி உயரத்தில் ஆற்றைத் தாண்டி வருகிற பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர், நம்ம தெருவில் குப்பையில் முட்டி நிற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

23 பேர் வந்தார்கள். ஆண்கள் மம்பட்டியோடு இறங்கினார்கள், நாங்கள் சட்டியில் வாரிக் கரையில் போட்டோம். தண்ணீர் பாட்டில், டயப்பர், அழுகிய வாழைத்தடை என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் அடைப்பே ஒரு இலவம்பஞ்சு மெத்தை! தண்ணீர் குடித்து ஊறிக் கல்லாகக் கிடந்தது. கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தும் அசையவில்லை. நடுவில் கம்பியால் குத்திக் கிழித்து, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிய பிறகுதான் வந்தது. பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே இரைச்சலாகப் பாய்ந்ததில் கீழே நின்ற பையன் தடுமாறி உட்கார்ந்துவிட்டான். நாற்றம் இரண்டு நாள் என் கையை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரமே இரவு முழுக்கப் பெய்தது. போன வருடம் மூன்று வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியது. இந்த வருடம் கடைசிப் படியோடு நின்றது. ஆனால் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் சரிந்துவிட்டது. "சானலை வாரினீங்க, சரி. என் சுவருக்கு என்ன வழி?" என்று அந்த அண்ணன் கேட்டார். வீடு இடிந்தால் நிவாரணத்துக்கு எழுதலாம். சுவருக்கு எழுத எனக்கு வழி கிடைக்கவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

மாதக் கூட்டத்தில் இரண்டு தெருவிளக்கும் ஒரு குழாய் உடைப்பும் தீர்மானமாயின. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்புறம் நம்ம கிழங்கு விற்கிற பாட்டி. மாதம் 1,200 ரூபாய் முதியோர் பணம். மூன்று மாதமாகக் கைக்கு வரவில்லை, மெஷினில் ரேகை விழவில்லை என்கிறார்கள். விரலைக் காட்டச் சொல்லி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். பத்து விரலும் வழுவழுவென்று இருக்கின்றன, ஒரு கோடு கிடையாது. முப்பது வருடம் அண்டி ஆபீஸில், அந்த முந்திரி ஆலையில், பருப்பு உடைத்த கை. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலை அரித்துவிடும், உனக்குத் தெரியாததா? உன் அம்மாவும் அங்கே இருந்தவர்தானே.

பாஸ்புக்கோடு வங்கிக்கே கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் மேலாளரைப் பார்த்து, சாட்சிக் கையெழுத்து நான் போட்டு, 3,600 ரூபாய் வாங்கினோம். திரும்பும் வழியில் மருந்துக் கடையில் இறங்க வேண்டும் என்றார். மூன்று மாதமாகப் பிரஷர் மாத்திரை இல்லாமலே இருந்திருக்கிறார், மக்கா. என்னிடம் வாயைத் திறக்கவில்லை. வார்டில் விசாரித்தால் இதே போல இன்னும் ஆறு பேர், எல்லாரும் அண்டி ஆபீஸ் கைகள். கண்ணின் கருவிழியை வைத்துச் சரிபார்க்கிற மெஷினும் உண்டு. அதோடு மாதம் ஒரு நாள் இங்கே ஆள் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும்வரை அந்த ஆறு பேரோடும் நானே போவேன்.

இனி உன்னிடம் ஒரு காரியம். கொசுப்புழு பார்க்கிற பெண்களோடு போன வாரம் விளை விளையாக, ஒவ்வொரு ரப்பர் தோட்டமாக, ஏறி இறங்கினேன். மழையில் பால்வெட்டு இல்லை, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை எல்லாம் நிமிர்ந்தபடியே தண்ணீர் நிறைந்து நிற்கிறது. உன் விளையில் ஒரு சிரட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன், புழு துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிவிடும். கீழ்த்தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு. நாங்கள் முடிந்த மட்டும் கவிழ்த்து வைத்தோம், மேல்தட்டு முழுவதும் பாக்கி. உன் விளையைப் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, எடுத்தவரிடம் நான் சொன்னால் தலையாட்டுகிறார், அதோடு சரி. நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் போடு.

அம்மா உன்னைக் கேட்டாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும் தேதியையும் எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரி