இடைமுகக் கூறுகளை எழுதும் கொழும்புப் பொறியியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பாளன். பார்வையை முற்றாக இழந்த பிறகு, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானின் துணையோடுதான் கணினியில் வேலை செய்து வருகிறேன். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிவைத்த அந்த மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் பேசுகிறது, சிங்களத்திலும் பேசுகிறது. ஆகவே, இந்த வசதிகள் எங்கள் மொழிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்ற சமாதானம் இனிச் செல்லாது.

அண்மையில் என் தாயாருக்கு இருதய வைத்தியரைச் சந்திப்பதற்காக ஒரு தனியார் வைத்தியசாலையின் இணையத்தளத்தில் நேரம் பதிய முயன்றேன். பெயரையும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் சிரமமின்றித் தட்டெழுதினேன். திகதிப் பெட்டிக்கு வந்ததும் திரையில் ஒரு நாட்காட்டி விரிந்திருக்கிறது. என் காதுக்கு அது விரியவேயில்லை. டப் விசையை அழுத்தினால் கவனம் (விசைப்பலகை அப்போது இயக்கும் இடம்) நாட்காட்டியைத் தாண்டிப் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. அம்புக்குறி விசைகளால் தேடிப் பிடித்தபோது "பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று" என்று வெறும் எண்கள் மட்டும் ஒலித்தன. அவை எந்த மாதத்துக்குரியவை, எது என்ன கிழமை, எந்த நாளில் இடம் நிரம்பிவிட்டது என்பதெல்லாம் கண்ணுக்கு மட்டுமே காட்டப்பட்டிருந்தன. பதினான்கில் நின்று என்டர் விசையை அழுத்தினேன்; ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்தேன். அவனே திகதியைத் தெரிவுசெய்தான், நோய் விபரத்தைப் படித்துச் சரிபார்த்தான், என் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தையும் பார்த்து உள்ளிட்டான். நல்ல பிள்ளை அவன். ஆனாலும் அம்மா எவருக்கும் சொல்லியிராத விடயம் அன்றைக்கு அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த வாரம் ஒரு காப்புறுதித் தளத்திலும் அதே நாட்காட்டி, அதே மௌனம். நிறம்தான் வேறு என்று அந்தப் பையன் சொன்னான். இம்மடலை வைத்தியசாலைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது இதனால்தான். பொத்தான், நாட்காட்டி, கீழ்விரி பட்டியல், மேலெழும் சாளரம் ஆகிய இடைமுகக் கூறுகளை நீங்கள் ஒருமுறை எழுதிச் சேமித்து வைக்கிறீர்கள். பிறகு அவை வங்கிக்கும் பாடசாலைக்கும் திணைக்களத்துக்கும் அப்படியே போகின்றன. அவற்றில் ஒன்றில் விட்ட பிழை அத்தனை தளங்களிலும் எங்கள் வழியை அடைக்கிறது. அந்த ஒன்றைத் திருத்தினால் அத்தனை தளங்களிலும் வழி திறக்கிறது.

உலாவியே தருகின்ற பொத்தானையும் தெரிவுப் பட்டியலையும் முடிந்தவரை அப்படியே பயன்படுத்துங்கள். பக்கத்தைப் பகுதி பிரிக்க மட்டும் உதவும் வெறும் டிவ் குறி ஒன்றுக்குப் பொத்தானின் தோற்றத்தைக் கொடுத்தால் அது கண்ணுக்கு மட்டுமே பொத்தான். விசைப்பலகைக்கும் திரைவாசிப்பானுக்கும் அது வெற்றுப் பெட்டி. 25 மாவட்டங்கள் கொண்ட இயல்பான பட்டியலில் முதலெழுத்தைத் தட்டினால் வேண்டிய மாவட்டத்துக்கு அருகே போய்விடலாம், ஆனால் அழகுக்காகப் புதிதாகச் செய்த பட்டியலில் அந்த வசதியைப் பெரும்பாலும் எவரும் மீண்டும் எழுதி வைப்பதில்லை. நாட்காட்டியைக் கட்டாயம் நீங்களே எழுத வேண்டுமென்றால், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு வெளியிட்டுள்ள, கூறுகளைத் திரைவாசிப்பானுக்குப் புரியவைக்கும் ஏரியா வழிகாட்டியில் அதற்கான மாதிரி இருக்கிறது: இட, வல அம்புக்குறிகள் ஒவ்வொரு நாளாக நகர்த்தும், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் மாதத்தை மாற்றும், எஸ்கேப் மூடும், மூடியதும் கவனம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அத்துடன் திகதியைக் கையால் தட்டெழுதவும் இடம் கொடுங்கள்.

என் தொழில் காரணமாக நான் அறிந்த இன்னொரு குறையை இங்கு சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படம் மட்டுமே உள்ள பொத்தான்களுக்கு, திரைவாசிப்பான் படிப்பதற்கென மறைவாக ஒரு பெயர் எழுதப்படுகிறது. மொழிபெயர்ப்புக்காக எனக்கு வரும் சொற்பட்டியல்களில் அந்தப் பெயர்களை நான் ஒருபோதும் கண்டதில்லை. கண்ணுக்குத் தெரியாததால் அவை பட்டியலில் சேர்வதில்லை. இதனால் தமிழ்ப் பக்கத்தின் நடுவே "குளோஸ்", "மெனு" என்று ஆங்கிலம் ஒலிக்கிறது. பெயரே இல்லாத இடத்தில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் கேட்கிறது. இதோடு சேர்ந்தது, பக்கம் எந்த மொழியில் உள்ளது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் மொழிக்குறி. ஆங்கிலப் பக்கத்தைப் பிரதி செய்து தமிழை நிரப்பிவிட்டு, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். தமிழ் அறியாத ஆங்கிலக் குரலிடம் தமிழ் வரி போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் மௌனம்தான் மிஞ்சும். மூன்று மொழிகளில் இயங்கும் நாட்டில் இந்த ஒரு சொல்லைச் சரியாக இடுவது பெரிய வேலையல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய படிவங்களைத் தரவிறக்கத்துக்கு வைப்பதையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அதில் "தமிழ்" என்ற சொல் எனக்கு "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று கேட்கிறது.

பார்வையற்றோருக்காக மட்டும் நான் பேசவில்லை. கை நடுங்குபவருக்குப் பொத்தான் குறைந்தது 24 பிக்சல் அகலமும் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று 2023 ஒக்டோபரில் வெளியான, டபிள்யு3சியின் இணைய அணுகல் விதித்தொகுப்பான டபிள்யுசிஏஜி 2.2 கேட்கிறது. பார்வை மங்கியவருக்குச் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது 2008இல் வந்த 2.0 பதிப்பிலேயே இருந்த விதி. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்பவர்கள் 16 இலட்சத்துக்கும் மேல்.

வலுவிழந்தோரான எங்கள் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இணையத்தையும் பெயர் குறித்துச் சொல்லும், வலுவிழந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் சாய்தளத்தை அமைக்க மேசனுக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல, இங்கே அளவு தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

தன்னியக்கச் சோதனைக் கருவி, பொத்தானுக்குப் பெயர் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கும். இருக்கும் பெயருக்குப் பொருள் உண்டா என்பதை அதனால் அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு கூறையும் வெளியிடுமுன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை இயக்குங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள். எங்களைச் சோதனைக்கு அழையுங்கள். அதை உதவியாகக் கேட்காமல், கூலி கொடுக்கும் வேலையாகக் கேளுங்கள்.

முதல் அமர்வுக்கு மட்டும் எனக்குக் கூலி வேண்டாம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, என் மடிக்கணினியுடன் உங்கள் அலுவலகத்துக்கு நானே வருகிறேன். அந்த நாட்காட்டியிலிருந்து தொடங்குவோம்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்