கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதே, அக்கா

ஷிசுவோகா, ஜப்பான்,
மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அனுப்பிய பச்சைத் தேயிலையை நம் வீட்டு டீத்தூள் மாதிரியே அடுப்பில் கொதிக்கவிட்டாய், கஷாயம் போலக் கசந்தது, அத்தான் ஒரு வாயோடு வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். இலை நல்ல இலைதான். தண்ணீரின் சூடுதான் அதைக் கெடுத்தது. அதனால் இங்கே இதை எப்படிப் போடுகிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்று இந்தக் கடிதத்தில் விவரமாக எழுதிவிடுகிறேன்.

உனக்கு வந்ததன் பெயர் சென்ச்சா. பறித்த இலையை உடனே நீராவியில் வேகவைத்து, உருட்டி உருட்டிக் காயவைப்பார்கள். இட்லி மாதிரி நேரமெல்லாம் இல்லை, சாதாரண சென்ச்சாவுக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம்தான். அந்த ஆவி பட்டவுடன் இலை கறுப்பது நின்றுவிடும், பச்சை பச்சையாகவே தங்கும். உஜி பக்கத்து நாகதானி சோயென் என்பவர் 1738இல் இந்த முறையைச் சீராக்கினார் என்று சொல்வார்கள். நம் டீத்தூள் காற்றுப் பட்டுக் கறுத்தது. பாலின் புரதம் அதன் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் கொதிக்கவிட்டாலும் தாங்கும். இதற்குப் பால் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. இலையில் இருப்பது அப்படியே நாக்கில் இறங்கும்.

இலையில் இனிப்பும் ஒருவகை ருசியும் கொடுக்கிற தியானின் 50, 60 டிகிரித் தண்ணீரிலேயே கரைந்து வந்துவிடும். துவர்க்கிற கேட்டச்சினும் கசக்கிற காஃபினும் சூடு ஏற ஏறத்தான் அதிகம் இறங்கும். ஆகவே முதல் தண்ணீர் 70 டிகிரி. தெர்மாமீட்டர் யாரும் வைப்பதில்லை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 10 டிகிரி குறையும், அந்தக் கணக்குதான். ஆறவைக்கவென்றே மூக்கு வைத்த ஒரு கிண்ணம் உண்டு, யுசமாஷி என்பார்கள். உன்னிடம் டபராவும் டம்ளரும் இருக்கிறது, அதைவிட நல்ல யுசமாஷி எங்கே கிடைக்கும்? நன்றாகக் கொதித்த தண்ணீரை டம்ளர், டபரா, டம்ளர் என்று மூன்று முறை மாற்று. ஆற்றுகிற மாதிரி தூக்கி ஊற்றாதே, ரொம்ப ஆறிவிடும். ஆவி சோம்பலாக எழும்ப வேண்டும், டம்ளரைப் பிடித்தால் சுட வேண்டும், ஆனால் பிடித்துக்கொண்டே இருக்க முடிய வேண்டும். அதுதான் பதம். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்பு தேநீரின் ருசியை அமுக்கிவிடும். கேன் தண்ணீர் போதும்.

அளவு: இரண்டு பேருக்குச் சின்ன ஸ்பூனால் இரண்டு, ஏறத்தாழ 5 கிராம். தண்ணீர் 150 மில்லி. இவ்வளவு இலையா என்று கை தயங்கும், தயங்காதே. இலையைக் குறைத்தால் நிறம் வராது, நிறம் வரட்டும் என்று கூட நேரம் ஊறவிடுவோம், கசப்புதான் வரும்.

இங்கே இதற்கென்று க்யூசு என்ற சின்னக் கெண்டி இருக்கிறது. கைப்பிடி பின்னால் இருக்காது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். வலது கையால் கைப்பிடியைப் பற்றி, அதே கையின் கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொள்ளலாம், மணிக்கட்டைத் திருப்பினால் போதும். டோக்கொனாமே ஊரின் செம்மண் க்யூசுக்கு நல்ல பெயர். உள்ளே மூக்கின் வாயில் பொடித்துளை போட்ட மண் வடிகட்டியும் சேர்ந்தே இருக்கும். உன்னிடம் இருக்கிற சின்னப் பீங்கான் கெண்டியும் டீ வடிகட்டியும் போதும்.

இலையைப் போட்டு, ஆறிய தண்ணீரை மெல்ல ஊற்றி மூடு. ஒரு நிமிடம். கலக்காதே, குலுக்காதே, தூக்கிப் பார்க்காதே. சுருண்ட இலை தானாக விரியும், அதை ஆட்டினால் கலங்கலும் கசப்பும் சேர்ந்து வரும். அதிக நேரம் ஆவியில் வெந்த ஃபுகாமுஷி என்ற வகை தூளாக நொறுங்கியிருக்கும். அது கலங்கலாகத்தான் இறங்கும், குற்றமில்லை. அதற்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம் போதும்.

இனி ஊற்றுவது. இதைத்தான் நீ கவனமாகச் செய்ய வேண்டும். ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. முதலில் வருவது வெளிறியும் கடைசியில் வருவது கெட்டியாகவும் இருக்கும். மூன்று கோப்பை என்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொஞ்சம் கொஞ்சம் விட்டு, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வர வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே ருசி. முக்கால் கோப்பைக்கு மேல் வேண்டாம். தண்ணீர் நின்றதும் கெண்டியை வைத்துவிடாதே. நன்றாகச் சாய்த்துப் பிடி, சொட்டும், நிற்கும், மறுபடி சொட்டும். லேசாக இரண்டு மூன்று முறை உதறு. அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் சாரம் எல்லாம் இருக்கிறது என்பார்கள், நாக்கில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். உள்ளே தண்ணீர் தங்கினால் இலை அதில் ஊறிக்கொண்டே இருக்கும், இரண்டாவது முறை கசந்து போகும்.

வடித்த பிறகு கெண்டியின் பின்பக்கத்தைக் கையால் ஒரு தட்டு தட்டினால், வடிகட்டியில் அப்பிய இலை கீழே இறங்கும். மூடியைக் கொஞ்சம் திறந்தே வை, மூடினால் உள்ளேயே வெந்துவிடும். இரண்டாவது தண்ணீருக்கு இலை ஏற்கெனவே விரிந்திருக்கும், அதனால் 80 டிகிரிக்கு மேல் ஊற்றி 10 நொடியில் வடித்துவிடலாம். மூன்றாவதற்கு இன்னும் சூடாக. முதலாவதில் இனிப்பு, அடுத்ததில் துவர்ப்பு, கடைசியில் ஒரு சுத்தமான கசப்பு. ஒரே இலை மூன்று விதமாகப் பேசும். மண் கெண்டி என்றால் கழுவ சோப்பு போடக்கூடாது, மண் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் போதும்.

வந்தவர்களுக்குக் கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. கோப்பையையும் அதன் மரத்தட்டையும் தாம்பாளத்தில் தனித்தனியாகக் கொண்டுபோவார்கள், சேர்த்து வைத்தால் சிந்தி அடி ஈரமாகும். பக்கத்து மேசையில் வைத்து, கோப்பையின் அடியைத் துணியால் துடைத்து, தட்டில் ஏற்றி, இரண்டு கையாலும் வைப்பார்கள். கோப்பையில் படம் இருந்தால் அது விருந்தாளியைப் பார்க்க வேண்டும், தட்டின் மர ரேகை அவருக்குக் குறுக்காக ஓட வேண்டும். இனிப்பு முதலில், இடப்பக்கம். தேநீர் பிறகு, வலப்பக்கம். வாசலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கே முதல் கோப்பை.

எல்லா இலைக்கும் இந்தச் சூடு பொருந்தாது. வெயில் மறைத்து நிழலில் வளர்க்கிற க்யோகுரோவுக்கு 50 டிகிரி. மூன்று பேருக்கு 10 கிராம் இலை, வெறும் 60 மில்லி தண்ணீர், இரண்டரை நிமிடம். சாறு மாதிரி சொட்டுச் சொட்டாகக் குடிப்பார்கள். வறுத்த ஹோஜிச்சாவுக்கும் பொரித்த அரிசி கலந்த கென்மைச்சாவுக்கும் கொதிநீரே ஊற்றலாம், அரை நிமிடம் போதும். அங்கே வறுத்த மணம்தான் முக்கியம், அது சூட்டில்தான் எழும்பும்.

இங்கே இப்போது புது இலைக் காலம். பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து எண்ணி 88ஆம் நாள், மே 2 வாக்கில், முதல் பறிப்புக்குப் பேர்போனது. மகினோஹரா மேட்டு நிலத்துத் தோட்டங்களில் வரிசைக்கு நடுவே உயரமான கம்பங்களில் மின்விசிறி நிற்கும். பனி இரவில் மேலே தங்கிய கதகதப்பான காற்றைத் துளிரின் மேல் தள்ளி, கருகாமல் காக்கும்.

வெயில் காலத்துக்கு ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கும் பிடிக்கும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 10 கிராம் இலையைப் போட்டு ஃப்ரிட்ஜில் நான்கு, ஐந்து மணி நேரம் வை, பிறகு வடிகட்டு. கசப்பு அநேகமாக இருக்காது, காஃபினும் குறைவாகத்தான் இறங்கும். அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

பிரித்த பொட்டலத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு இருட்டில் வை, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு. பெருங்காய டப்பா பக்கத்தில் மட்டும் வைக்காதே, இந்த இலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். பிரிக்காததை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்ததும் வெட்டாதே. சில மணி நேரம் விட்டு வீட்டுச் சூட்டுக்கு வந்தபின் பிரி, இல்லையென்றால் இலைமேல் வியர்த்து நமுத்துவிடும்.

அடுத்த பொட்டலத்தில் அத்தானுக்கென்று ஹோஜிச்சா வைக்கிறேன். அதற்கு அவர் விருப்பப்படியே கொதிக்கக் கொதிக்க ஊற்றட்டும்.

அன்புடன்,
உன் தம்பி