செயலாளர் ஆண்டறிக்கை: மனச்சிதைவு நோயுற்றோரின் குடும்பத்தினர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் அதிகம் அடிபட்ட விஷயம் மாத்திரையை நிறுத்துவது. பிள்ளை நன்றாகத் தூங்குகிறான், காதில் குரல் கேட்பதில்லை, வேலைக்குக்கூடப் போகிறான். சரி, இனி எதற்கு மாத்திரை என்று வீட்டில் யாராவது முடிவெடுத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் கல்யாணப் பேச்சு தொடங்கும்போது. நிறுத்திய மறுநாளே ஒன்றும் ஆவதில்லை, அதில்தான் ஏமாந்துபோகிறோம். சில வாரமோ மாதமோ கழித்துத் தூக்கம் கெடும், அப்புறம் சந்தேகம் தலைதூக்கும். உடல் எடை கூடுவது, கை நடுக்கம், பகலெல்லாம் தூக்கம் என்று தொல்லைகள் இருப்பது உண்மைதான். அதற்கு அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தினமும் மாத்திரைக்காக மல்லுக்கட்டும் வீடுகளுக்கு, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இரண்டு வேறு வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தும் நோய் கேட்காதவர்களுக்கு குளோசபின் என்ற மாத்திரை தருகிறார்கள். வெள்ளை அணுக்கள் குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. அலுக்காமல் அழைத்துப் போன குடும்பங்களுக்குப் பாராட்டு.

“இது குணமாகுமா?” என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். மூன்றில் ஒருவராவது முழுமையாக மீள முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 1981-82இல் 90 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வில், பத்து ஆண்டு முடிவில் பெரும்பாலானோருக்குக் கடுமையான அறிகுறிகள் இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

ஏர்வாடி தர்கா அருகே இருந்த மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டு, தீயில் இறந்த 28 பேருக்கு வழக்கம்போல அஞ்சலி செலுத்தினோம். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நாம் தடுப்பதில்லை, மாத்திரையையும் எடுத்துப் போங்கள் என்கிறோம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உறுப்பினர்கள் அலைந்தது தனிக் கதை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. ஆனாலும் “பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

“எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?” என்ற கேள்விக்குச் சங்கத்திடம் பதில் இல்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் இனிக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். ஞாயிறுதான் அவர்களுக்கு வசதி என்றால் ஞாயிறே வைத்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.