மார்ச் 21 சந்திப்பு: குன்னூர்

அனைவருக்கும் வணக்கம். நம் குழுவில் புதிதாக ஒரு அம்மா அப்பா சேர்ந்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு ஒன்பது மாதம், டவுன் சிண்ட்ரோம். ரொம்பப் பயந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால்தான் 3-ஆம் மாதம் 21-ஆம் தேதி நம் பிள்ளைகளின் நாள், உலக டவுன் சிண்ட்ரோம் நாள். அன்றே சந்திப்போம்.

மார்ச் 21, சனி, காலை 10.30, சிம்ஸ் பூங்கா வாசல்.

1. "ஐயோ பாவம்" வேண்டாம். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.
2. எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு, காது பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் கொண்டு வாருங்கள். எதை எப்போது பார்த்தோம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எக்கோ முக்கியம், நம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும்.
3. கைப்பிடியில் துணி சுற்றிய கரண்டியை நான் கொண்டு வருகிறேன். என் மகள் அதில்தான் தானே சாப்பிடப் பழகினாள்.
4. குல்லா, ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து வருபவர்கள் வண்டியில் இடமிருந்தால் சொல்லுங்கள். வருகையை வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிவிடவும்.