ஆச்சி இல்லாத ஆண்டின் கிறிஸ்துமஸ்: கேம்பிரிட்ஜில் படிக்கும் மகளுக்கு

பாளையங்கோட்டை,
நவம்பர் 14

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். உன் கடிதத்தை இருவரும் வாசித்தோம். ஆச்சி இறந்து இன்னும் வருஷம் திரும்பாததால், இம்மாதக் கடைசியில் உன் கல்லூரியில் நடக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் டிசம்பரில் நடக்கும் கீத ஆராதனைகளுக்கும் போகப்போவதில்லை என்றும், விடுமுறை முழுவதும் அறைக்குள்ளேயே இருந்து ஆய்வேட்டை எழுதப்போவதாகவும் சொல்லியிருக்கிறாய். ஆச்சியின்மேல் உனக்குள்ள பாசத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும் அந்த முடிவை நீ மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

துக்கவீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை என்பது நம் ஊர் வழக்கம்தான். இந்த ஆண்டு நம் வாசலில் நட்சத்திரம் கட்டப்போவதில்லை, புதுத்துணி எடுக்கவில்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. முறுக்கும் முந்திரிக்கொத்தும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் துக்கவீட்டார் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு வரக்கூடாது என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. உன் தாத்தா இறந்த ஆண்டில் ஆச்சி நமக்கெல்லாம் முன்பாகவே எழுந்து குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, ஊசிக் கோபுரம் ஆலயத்தில் பெண்கள் பக்கம் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தார்கள். பாடல்கள் எதையும் பாடவில்லை. கடைசி ஜெபம் முடியும்வரை எழுந்து வரவும் இல்லை. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது.

இதைவிட முக்கியமான காரணம் நீ இருக்கும் ஊரிலேயே இருக்கிறது. நீ போகவேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருக்கும் அந்த ஆராதனை, துக்கத்தில் இருந்தவர்களுக்காகவே அங்கே தொடங்கப்பட்டது. கிங்ஸ் கல்லூரியின் ஒன்பது வேதபாட ஆராதனையை நம் ஆட்களில் பலர் அழகான இசைக் கச்சேரி என்று எண்ணுகிறார்கள். அது எந்த டிசம்பரில் பிறந்தது என்று யோசித்துப் பார்.

முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி நின்றது. அதற்கு ஆறு வாரங்கள் கழித்து, அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, முதல் ஆராதனை நடந்தது. அதை ஏற்பாடு செய்த எரிக் மில்னர்-ஒயிட் போர்முனையில் படைக் குருவானவராகப் பணியாற்றித் திரும்பி, 34 வயதில் அந்தக் கல்லூரியின் டீன், அதாவது சிற்றாலய ஆராதனைகளுக்குப் பொறுப்பான குருவானவர், ஆனவர். சாகக் கிடக்கும் பையன்களின் பக்கத்தில் நின்று ஜெபித்த ஒருவருக்கு, வழக்கமான ஜெபப் புத்தக வார்த்தைகள் மட்டும் போதாது என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. சபையின் ஆராதனையில் இன்னும் உயிரும் கற்பனையும் வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த ஊரே அப்போது துக்கவீடுதான். போர் தொடங்கிய 1914இல் காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனை முதலில் டிரினிட்டி கல்லூரியின் நெவில் முற்றத்திலேயே திறக்கப்பட்டது. பிறகு மைதானத்துக்கு மாற்றப்பட்டது. நீ தினமும் போய்ப் படிக்கிற பல்கலைக்கழக நூலகம் அந்த மருத்துவமனை இருந்த இடத்தில்தான் நிற்கிறது. நம் ராமானுஜன் டிரினிட்டியில் சேர்ந்ததும் அதே 1914இல்தான் என்பதை நினைத்துக்கொள்.

ஆராதனையின் அமைப்பை மில்னர்-ஒயிட் புதிதாக உண்டாக்கவில்லை. 1880இல் கார்ன்வால் பகுதியிலுள்ள ட்ரூரோவில், பேராலயம் கட்டி முடியாத நிலையில் தற்காலிக மரக் கட்டடத்தில் ஆராதனை நடந்துவந்தபோது, அங்கே பேராயராக இருந்த பென்சன் வகுத்த முறை அது. ஒன்பது வேதபாடங்கள், இடையிடையே பாடல்கள். வாசிப்பவர்களின் வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் பாடத்தைப் பாடகர் குழுவின் சிறுவன் ஒருவன் வாசிப்பான். வரிசை படிப்படியாக உயர்ந்து, கிங்ஸில் ஒன்பதாம் பாடத்தைக் கல்லூரித் தலைவரான புரோவோஸ்ட் வாசிப்பார். சிறியவன் தொடங்கிவைக்கப் பெரியவர் முடிக்கிறார். நம் சபையில் நான் பாடகர் குழுவை நடத்திய நாள்களில் முதல் பாடத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்ததும் இந்த வரிசையைப் பார்த்துத்தான். நீயும் ஒரு முறை வாசித்திருக்கிறாய். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் ஒளிந்துகொள்கிற பகுதி.

பி.பி.சி. 1928இல் இதை முதன்முதலாக ஒலிபரப்பியது. இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. நம் வீட்டில் சிற்றலை வானொலியில் இரைச்சலுக்கு நடுவே அதைக் கேட்டது உனக்கு நினைவிருக்கும். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தொடக்கத்தில் துணையிசை எதுவும் இல்லாமல் ஒரு சிறுவன் தனியாகப் பாடுகிற அந்த முதல் சரணத்துக்காகக் காத்திருப்பார்கள். அடுக்களையில் வேலையாக இருந்தால், "பையன் பாடிட்டானா?" என்று அங்கிருந்தே கேட்பார்கள். 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி' என்ற அந்தப் பாடல் 1919 முதல் முதற்பாடலாக இருந்துவருகிறது. எந்தச் சிறுவன் பாடப்போகிறான் என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை. சிலரை ஆயத்தப்படுத்தி வைத்திருந்து, ஒலிபரப்பு தொடங்கும் தருணத்தில்தான் இசை இயக்குநர் ஒருவனைக் கைகாட்டுவார். இரவு முழுவதும் அந்தப் பையன் பயந்துகொண்டு படுத்திருக்கக்கூடாது என்ற கரிசனம் அதில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். அந்த முதற்பாடல் முடிந்ததும் டீன் ஒரு ஜெப அழைப்பை வாசிப்பார். மில்னர்-ஒயிட் எழுதியது. ஏழைகளையும், குளிரிலும் பசியிலும் வாடுகிறவர்களையும், நோயாளிகளையும், துக்கப்படுகிறவர்களையும், தனித்திருப்பவர்களையும், நேசிக்க ஆளில்லாதவர்களையும், முதியோரையும் சிறு பிள்ளைகளையும் நினைக்கச் சொல்லும் அந்த அழைப்பு, கடைசியில் நம்மோடு சேர்ந்தே மகிழ்கிற வேறொரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது: அவர்கள் மறுகரையில், இதைவிடப் பெரிய வெளிச்சத்தில் இருக்கிறார்கள், அவர்களை எண்ணி முடிக்க ஒருவராலும் ஆகாது. மகனைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மாரும், கூடப் படித்தவர்களைப் பறிகொடுத்த இளைஞர்களும் நிறைந்த ஒரு காலத்துக்காக எழுதப்பட்ட வார்த்தைகள் அவை. இறந்தவர்களுக்காக அழவும் சொல்லவில்லை, அவர்களை மறந்துவிட்டுப் பாடவும் சொல்லவில்லை. அவர்களும் இந்தப் பாட்டில் இருக்கிறார்கள் என்று சொல்கிறது. ஆச்சியை அடக்கம் செய்து வந்த நாள் முதல் எனக்குள் இருக்கும் பாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தைகளை நான் இன்னும் கேட்கவில்லை. உனக்கு அவர்கள் ஆச்சி, எனக்கு அம்மா. ஆச்சியின் பெயரால் அந்த ஆராதனைக்குப் போகாமல் இருப்பதைக் காட்டிலும், ஆச்சியின் பெயரால் போய் அந்த ஜெபத்தைக் கேட்பதுதான் சரி என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தச் சிற்றாலயத்தை நீ வெளியிலிருந்து பலமுறை பார்த்திருப்பாய். ஆறாம் ஹென்றி மன்னர் 1446இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. தலைக்கு மேலே கல்லில் விசிறி விரித்தாற்போல் இருக்கும் கூரையை ஜான் வாஸ்டெல் என்ற கொத்தனார் 1512க்கும் 1515க்கும் இடையில் முடித்திருக்கிறார். ஆனால் நீ முக்கியமாகப் பார்க்கவேண்டியது சன்னல்களை. மேற்பகுதியில் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளும், கீழ்ப்பகுதியில் அவற்றுக்கு இணையான புதிய ஏற்பாட்டுக் காட்சிகளுமாக வண்ணக் கண்ணாடியில் தீட்டியிருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது அல்லவா? மூன்று மணிக்கு ஆராதனை தொடங்கும்போது அந்தக் கண்ணாடிகளில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். பாடங்கள் நகர நகர வண்ணங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை, இருளில் ஒளி பிரகாசிக்கிறது என்கிற அந்தப் பகுதியை, வாசிக்கும் நேரத்தில் மெழுகுவர்த்திகளின் வெளிச்சம் மட்டுமே மிஞ்சும். வானொலியில் கேட்கிற எங்களுக்கு இது கிடைக்காது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து அந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். குளிர் தாராளமாக உள்ளே வந்த அந்த ஆண்டுகளிலும், பாதுகாப்புக் கருதிக் கல்லூரியின் பெயரை ஒலிபரப்பில் சொல்லாமல், ஆராதனையை நடத்தியே இருக்கிறார்கள். துக்க காலத்தில் அதை நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை, பார்.

இடம் கிடைப்பது எளிதல்ல என்று தெரியும். முன்பு விடியற்காலையிலேயே கிங்ஸ் பரேடு தெருவில் வரிசை நிற்குமாம்; இப்போது முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உன் கல்லூரிச் சிற்றாலயக் குருவானவரிடம் கேட்டுப் பார். டிசம்பர் 24ஆம் தேதி கிடைக்காவிட்டால் மனம் தளராதே. ஊரில் கல்லூரிக்குக் கல்லூரி ஒரு கீத ஆராதனை இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களான திருவருகைக் காலத்துக்கென்றே தனி ஆராதனை நடக்கிறது. அதையும் 1981இல் வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். நானே ஒரு ஜான்ஸ் கல்லூரியில் படித்தவன் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ அங்கே போகவேண்டும் என்பதற்கு வேறு காரணம் உண்டு. சிறுவர்களும் ஆண்களும் மட்டுமே பாடிவந்த அந்தக் குழுவில் 2022 முதல் சிறுமிகளும் பெண்களும் பாடுகிறார்கள். நம் சபையில் ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் பகுதியைப் பாடிய உன் காதுக்கு அந்தக் குரல்களின் சேர்க்கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். திருவருகைக் காலம் காத்திருப்பின் காலம். இந்த ஆண்டு உன் மனநிலைக்குக் கிறிஸ்துமஸைவிட அதுவே நெருக்கமாகக்கூட இருக்கலாம்.

விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பருவம் எட்டே வாரத்தில் முடிந்து, டிசம்பர் தொடக்கத்தில் எல்லாரும் வீடு திரும்பிவிடுவதால், மாணவர்கள் நவம்பர் 25ஆம் தேதியையே தங்கள் கிறிஸ்துமஸாக வைத்துக்கொண்டு அதற்கு 'பிரிட்ஜ்மஸ்' என்று பெயரும் சூட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். அங்கியோடு உட்கார்ந்து, காகித மகுடம் சூடிச் சாப்பிடுகிற அந்த விருந்துக்கும் நீ போகவேண்டும் என்பதே என் விருப்பம். அங்கே வருகிறவர்கள் உன்னோடு ஆய்வகத்தில் இருப்பவர்கள். ஆச்சி இறந்த செய்தி வந்த இரவில் உன் அறைக்கு வந்து விடியும்வரை கூட இருந்த அந்தப் பெண்ணும் வருவாள் அல்லவா? அவர்களோடு ஒரு வேளை சாப்பிடுவதைக் கொண்டாட்டம் என்று கணக்கில் சேர்க்காதே. ஏ.டி.சி. அரங்கில் மாணவர்கள் போடும் கிறிஸ்துமஸ் நகைச்சுவை நாடகத்துக்குப் போக மனமில்லை என்றால் வேண்டாம். அதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பருவம் முடிந்ததும் விடுதி வெறிச்சோடிவிடும். அந்த மூன்று நான்கு வாரங்கள்தான் என் கவலை. விடுமுறையில் தங்குவதற்கான அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டாயா? கல்லூரி உணவகம் என்றைக்கு மூடும் என்று கேட்டு வைத்துக்கொள். குளிருக்குத் தேவையானது இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ராமானுஜன் அங்கே முதல் குளிர்காலத்தில் கம்பளிகள் மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகப்பட்டிருப்பது தெரியாமல், மேலங்கியைப் போட்டுக்கொண்டு படுக்கையின் மேலேயே நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாராம். கிங்ஸில் படித்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் வந்து எடுத்துக் காட்டிய பிறகே உள்ளே நுழைந்து படுத்தாராம். எவ்வளவு படித்தவராக இருந்தாலும் பக்கத்தில் வந்து பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது. அதனால் தங்குகிற மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்து, வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள்.

24ஆம் தேதி இரவு எட்டரைக்கு நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்போம். இப்போது இணையத்திலேயே இரைச்சல் இல்லாமல் கிடைக்கிறது. நீ உள்ளே இருந்தாலும் சரி, அறையில் வானொலியோடு இருந்தாலும் சரி, மூவரும் ஒரே நேரத்தில் கேட்போம். முடிந்ததும் உடனே கூப்பிட வேண்டாம். நாங்கள் மூன்று மணிக்கெல்லாம் எழுந்து அதிகாலை ஆராதனைக்குப் போகவேண்டும். மறுநாள் உன் நேரம் காலை எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. டிக்கெட்டுக்கு விண்ணப்பித்துவிட்டாயா என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் எழுது. அம்மா கொடுத்தனுப்பும் கம்பளிக் காலுறைகளும் மிளகாய்ப்பொடியும் மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா