இந்த வருடம் பஸ் வேண்டாம், ரயில் ஏறுவோம்: பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நம் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஐயாவுக்கும் செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டிறுதிச் சுற்றுலாவுக்கு மறுபடியும் பஸ் எடுத்து நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் என் யோசனையையும் செயலவை காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு ரயிலில் கூட்டிப் போவோம். ரயிலில் போய் வேறு எதையோ பார்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ரயிலையே பார்ப்போம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ரயில் மாற்றி ரயில் ஏறிவிட்டு வீடு திரும்புவோம். அவ்வளவுதான் திட்டம்.

என்னை ஊரில் ரயில் பைத்தியம் என்பார்கள். செயலாளர் அக்காவே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வண்டி எண்களை எழுதுகிறவனை வேறு எப்படிச் சொல்வார்கள்? பைத்தியமாகவே இருக்கட்டும். ஆனால் இந்த யோசனை பைத்தியக்காரத்தனமானது இல்லை.

"ரயிலைத்தான் தினமும் பார்க்கிறோமே" என்பது முதல் எதிர்ப்பாக வரும் என்று தெரியும். எங்கே பார்க்கிறோம்? ரவாங்குக்கு வடக்கே இருக்கும் நம் ஊரில் தண்டவாளம் கடையோரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஈடிஎஸ் என்கிற விரைவு மின்ரயில் வந்தால் சத்தம் கேட்கிறது, போய்விடுகிறது. புறநகர் ரயிலான கொமுட்டரில் ஏறுவது தைப்பூசத்துக்கு. அன்றைக்குப் பத்துமலை போகிற கூட்டத்தில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு. மற்ற நாளில் எல்லோர் வீட்டிலும் கார், மோட்டார் சைக்கிள். தோட்டங்களில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, குடும்பங்கள் டவுனுக்கு வந்த பிறகு ரயில் நம் வீட்டுக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது. ஏறுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

சரி, அந்த ஒரு நாளை எப்படிப் போடலாம் என்று சொல்கிறேன்.

காலையில் பசியாறிவிட்டு நம் ஸ்டேஷனிலிருந்தே கொமுட்டர் பிடிக்கிறோம். தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் போகிற தடம் இது. கொமுட்டர் சேவை 1995-இல் தொடங்கியபோது வடக்கே ரவாங்கோடு நின்றது. இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் போட்ட பிறகுதான் நம் பக்கம் நீண்டது. தலைக்கு மேலே ஓடும் அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். ஸ்டேஷன் பக்கம் பட்டம் விடுகிற நம் பையன்களுக்கு இதை வகுப்பறையில் பத்துத் தடவை சொல்வதைவிட, நடைமேடையில் நிற்கவைத்து ஒருமுறை மேலே காட்டுவது நல்லது.

வண்டி வருவதற்குள் இன்னொன்றையும் காட்டலாம். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கும் அகலம் சரியாக ஒரு மீட்டர். வெள்ளைக்காரன் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயத்துக்காக முதல் தடம் போட்ட காலத்திலிருந்து இந்த நாட்டு ரயிலுக்கு இதே அளவுதான். நகருக்குள் ஓடும் மெட்ரோ ரயில்களான எல்ஆர்டி, எம்ஆர்டி இரண்டுக்கும் 1,435 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றதன் தடத்தில் ஓடவே முடியாது. கணக்கு ஆசிரியர் கூட வந்தால் இதை வைத்தே ஒரு பாடம் நடத்திவிடுவார்.

ஆறு பெட்டி கொமுட்டர் வண்டிகள் சீனாவின் ஜூஜோ (Zhuzhou) நகரில் செய்தவை. 2012 வாக்கில் இப்படி 38 தொடர்கள் வந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் எண் இருக்கும். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்துவிடுங்கள். நாள் முழுக்க ஏறுகிற, எதிரே போகிற வண்டிகளின் எண்ணை எழுதட்டும். முதல் அரை மணிக்குச் சிரிப்பார்கள். அப்புறம் யாரிடம் அதிகம் இருக்கிறது என்று சண்டை வரும். இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ஒன்றை மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கொமுட்டரில் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பெட்டி உண்டு. சொல்லாவிட்டால் நம் அப்பாக்கள் சிலர் அங்கே ஏறி உட்கார்ந்து முழிப்பார்கள்.

சுங்கை பூலோவில் இறங்கி எம்ஆர்டி மாறுகிறோம், புத்ராஜெயா தடம். முதல் பகுதி 2022-இல், முழுத் தடம் 2023 மார்ச்சில் திறந்தது. இந்த வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது, ஓட்டுநர் அறையும் கிடையாது. முன்கண்ணாடியை ஒட்டிப் பிள்ளைகளே நிற்கலாம். எதிரே தடம் வளைவதும், ஸ்டேஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் அப்படியே தெரியும். உயரப் பாலத்தில் வந்த வண்டி ஜாலான் ஈப்போவைத் தாண்டியதும் சரிந்து மண்ணுக்குள் நுழைகிற இடம் ஒன்று இருக்கிறது. பெரிய ஆளான எனக்கே அங்கே ஒவ்வொரு முறையும் வயிறு ஜில்லென்று ஆகும். நீர் விளையாட்டுப் பூங்காச் சறுக்குமரத்துக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை.

மண்ணுக்குள் வருகிற முதல் ஸ்டேஷன் செந்தூல் பாராட். ரயில்வேயின் பெரிய பட்டறை பல தலைமுறைக்கு இருந்தது இந்தச் செந்தூலில்தான். கொல்லுப்பட்டறை, பெட்டி பழுது, சாயம் என்று உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். போர்க்காலத்தில், 1945-இல், நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டது அந்தப் பட்டறை மேல்தான். தோட்டத்தில் பால் மரம் சீவினோம் என்ற கதையை நாம் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லிவிட்டோம். ரயில்வேயில் இருந்த தமிழர் கதையை யாரும் சொல்வதில்லை. தண்டவாளத்துக்குக் கல் கொட்டிய கூலியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் வரை நம்மவர் இருந்தார்கள். மாஸ்டர், கிராணி (எழுத்தர்) நாற்காலிகளில் யாழ்ப்பாணத்துத் தமிழர் அதிகம், கல் கொட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம். அந்த மேடு பள்ளத்தையும் மறைக்காமல் சொல்லலாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புரியும்.

தித்திவங்சாவில் எம்ஆர்டியை விட்டு மோனோரயில் ஏறுகிறோம். 2003 ஆகஸ்டு 31 அன்று ஓடத் தொடங்கியது. 8.6 கிலோமீட்டர், 11 ஸ்டேஷன். ஒரே ஒரு கான்கிரீட் உத்தரத்தின் மேல் டயர் போட்ட வண்டி கவ்விக்கொண்டு போகும். மெதுவானது, குலுக்கும், கூட்டம் அதிகம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். புக்கிட் பிந்தாங்கில் இரண்டு பக்கமும் கட்டடங்களுக்கு நடுவே ஜன்னலை உரசுவதுபோல் வளைந்து போவதை வேறெந்த வண்டியிலும் பார்க்க முடியாது. மும்பையில் மோனோரயில் போட்டபோது வண்டி செய்து கொடுத்ததும் ஒரு மலேசிய நிறுவனம்தான் என்பதைப் பிள்ளைகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம்.

கடைசிக்கு முந்தின ஸ்டேஷனில் ஒரு நிமிடம் நிறுத்திப் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்ல வேண்டும்: துன் சம்பந்தன். 1950களிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கவைத்தவர் அவர். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் அப்படித்தான் பிறந்தது. நம் ஊர்த் தாத்தா பாட்டிகள் பலரின் பெட்டியில் அந்தப் பங்குப் பத்திரம் இன்னும் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வெறும் சாலையாகத்தான் தெரியும்.

மோனோரயில் முடிகிற பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாடு, வாழை இலைச் சோறு. சமையல் வீட்டிலிருந்து கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்ஆர்டியிலும் எம்ஆர்டியிலும் சாப்பிடக்கூடாது, நாற்பது பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையை நாள் முழுக்கக் காவல் காக்க யாராலும் முடியாது. இப்போதைய தலைமை ஸ்டேஷனான கேஎல் சென்ட்ரல் 2001-இல் எழும்பியது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வண்டிகளைப் பிரித்து அடுக்கிய பழைய யார்டின் மேல். சுற்றிலும் முன்பு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்தது. இதற்கு மேல் அங்கே அதிக நேரம் வேண்டாம், பேரங்காடிக்குள் பிள்ளைகள் கலைந்துபோவார்கள்.

அடுத்தது கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி. 1998-இல் தொடங்கியது. அப்போதே ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடியது. இதில் அறிவியல் ஆசிரியருக்கு வேலை உண்டு. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு தட்டையான உலோகப் பட்டை நீளமாகப் போவதைக் கவனியுங்கள், அது அலுமினியம். சுழல்கிற மோட்டாரை நடுவில் வெட்டி, பாயை விரிப்பதுபோல் நீட்டிப் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு பாதி வண்டிக்கு அடியில், மறு பாதி அந்தப் பட்டை. வண்டியில் உண்டாகும் காந்தப்புலம் பட்டையைப் பிடித்துத் தள்ள, வண்டி முன்னே போகிறது. சக்கரம் உருளத்தான், இழுப்பதற்கு இல்லை. கனடாவின் வான்கூவர் நகரிலும் இதே முறையில் ஓடுகிறது. வண்டி கிளம்பும்போது வருகிற அந்த உயர்ந்த ரீங்காரம் கொமுட்டரின் சத்தத்திலிருந்து எப்படி மாறுகிறது என்று கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். நான் பல வண்டிகளைச் சத்தத்தில் வைத்தே சொல்லிவிடுவேன். வீட்டில் இதை யாரும் மதிப்பதில்லை.

பசார் சினியைத் தாண்டியதும் இது மண்ணுக்குள் இறங்கும். கேஎல்சிசி வரை போய், மேலே ஏறாமல் அப்படியே திரும்பிவிடுவோம். மேலே இருக்கும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். விடக்கூடாது, நேரம் அங்கேதான் கரையும்.

மிச்ச நேரத்தைப் பழைய கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குக் கொடுங்கள். பசார் சினியிலிருந்து பாலம் வழியாக நடந்தே போகலாம். 1910-இல் கட்டியது. வரைந்தவர் ஹப்பாக் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர், மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசலும் அவர் கைவண்ணம். வெள்ளைக் குடைகளும் வளைவுகளும் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. கேஎல் சென்ட்ரல் வருவதற்கு முன்பு நாட்டின் தலைமை ஸ்டேஷன் இது. இப்போது பாதி உறக்கம். பெரும்பாலும் கொமுட்டர்தான் வந்து போகிறது.

இங்கே பெரியவர்கள் யாராவது ஒருவர் சயாம் மரண ரயிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1942, 43-இல் ஜப்பான்காரன் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைச் சரக்குப் பெட்டியில் அடைத்து வடக்கே கொண்டுபோனது இந்த மேற்குக்கரைத் தடத்தில்தான். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட. அதுவும் ஒரு மீட்டர் அகலத் தடம். அதற்காக நம் கிழக்குக்கரைத் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அங்கே மாண்டவர்கள் எத்தனை பேர் என்று சரியாக எழுதிவைக்கக்கூட ஆள் இல்லை. நம் தோட்டத்துப் பாட்டிகள் சிலர் கடைசிவரை ரயில் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சுற்றுலாவில் எதற்கு இந்தச் சோகம் என்று கேட்கலாம். ரயிலைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு, நம் ஊரின் ரயில் கதையில் பெரியதை மட்டும் விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்தே தஞ்சோங் மாலிம் கொமுட்டர் பிடித்தால் வீடு.

பணம் எவ்வளவு ஆகும் என்று பொருளாளர் அண்ணன் கேட்பார். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் மூன்றுக்கும் சேர்த்து மலேசியருக்கு ஒரு நாள் மைசிட்டி பாஸ் 6 வெள்ளிக்கு வந்தது, வாங்குகிற அன்று விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொமுட்டருக்குத் தனி டிக்கெட். சாப்பாட்டையும் சேர்த்தாலும் பஸ் வாடகை, பூங்கா நுழைவுக் கட்டணம் இரண்டுக்கும் பக்கத்தில்கூட வராது. மிச்சப் பணத்தை நூலகத்துக்குப் போடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பயப்படுவது நியாயம். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, கதவு மூடும் ஒலி கேட்டபின் யாரும் ஓடி ஏறக்கூடாது. யாராவது நடைமேடையில் விடுபட்டால் அங்கேயே நிற்க வேண்டும், கூட்டம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் காத்திருக்கும். நகருக்குள் அடுத்த வண்டி சில நிமிடத்தில் வந்துவிடும். கொமுட்டரில் மட்டும் அந்தத் தைரியம் வேண்டாம், அரை மணிக்கு மேலேயும் காக்கவைக்கும்.

பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தின வாரத்து வேலைநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு, ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். திரும்பும்போது நாலரைக்குள் பழைய ஸ்டேஷன் நடைமேடையில் இருக்க வேண்டும், ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளை ஏற்ற முடியாது.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்தால் நானே வந்து விளக்குகிறேன். புரொஜெக்டர் வேண்டாம், ஒரு பெரிய மேசை போதும், வரைபடம் கொஞ்சம் அகலமானது.

இப்படிக்கு,
ஸ்டேஷன் பெஞ்சுக்காரன்