செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கார் ஆலைக்குப் போன கதையோடு

தலைவர் அவர்களுக்கும், கமிட்டி உறுப்பினர்களுக்கும், மார்ச் மாதத்து டர்பன் புழுக்கத்தில் இரண்டே மின்விசிறி ஓடும் இந்தக் கூடத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். அறிக்கையைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் பழைய தீர்மானம். ஆங்கிலச் சுருக்கம் வேண்டுபவர்களுக்கு வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். தமிழ் கேட்டுக்கொண்டே அதைப் புரட்டினாலும் தப்பில்லை.

போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம் என்று மூன்று பேர் சொன்னார்கள். சரி, இந்த முறை வழக்கமான விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கமிட்டி பத்து முறை கூடியது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு நிற்காமல் நடக்கிறது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள், பேசச் சொன்னால்தான் வாய் பூட்டிக்கொள்கிறது. புரட்டாசி சனிக்கிழமை பஜனைகளும் பொங்கலும் நன்றாக நடந்தன. தைப்பூசத்துக்கு, அதாவது பிப்ரவரி 11 அன்று, காவடி எடுத்தவர்களுக்கு மோர் கொடுத்தோம். மோர் பதினொரு மணிக்கே தீர்ந்துபோனது, அது என் கணக்குப் பிழை.

சித்திரைப் புத்தாண்டு விழாவைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை. நம் அழைப்பிதழில் "சனிக்கிழமை" என்று அச்சாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு குடும்பங்கள் பட்டுச் சேலையோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பின. அதில் ஒரு ஆயா என்னை இன்னும் மன்னிக்கவில்லை. விசாரித்தபோது, அழைப்பிதழைத் தட்டச்சு செய்த இளைஞர் அணிப் பெண் தப்பை அன்றைக்கே பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது. "ஏம்மா சொல்லலை?" என்றேன். "பெரியவங்க நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தீங்க, மாமா. நீங்க பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். இதை இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நின்று பேசப் போவது ஜூலை முதல் வாரம், பள்ளி விடுமுறையில், பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலைக்குப் போய்வந்த பயணத்தைப் பற்றி. மெரிபேங்கிலும் இசிப்பிங்கோவிலும் இருக்கிற நமக்கு அந்த ஆலை அடுத்த வீடு மாதிரி. என் 2 நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் வரிசையாக நிற்கும் வெள்ளைப் பக்கிகளைப் பார்க்கிறோம். (வெளியூர்த் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால்: சின்னச் சரக்கு வண்டியை இங்கே எல்லோரும் பக்கி என்றுதான் சொல்வோம்.) நம் தெருவில் அந்த ஷிப்டுக்குப் போய்வந்தவர் ஒருவராவது இல்லாத வீட்டு வரிசை கிடையாது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1961-இல் ஆல்பர்ட் வெசல்ஸ் என்பவர் ஜப்பானிலிருந்து டொயோபெட் ஸ்டவுட் என்ற பக்கிகளைக் கொஞ்சமாக இறக்குமதி செய்து தொடங்கிய வியாபாரம் இது. இன்றைக்கு ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், கொரோலா கிராஸ், நாம் ஏறி இறங்கும் ஹையேஸ் டாக்சி எல்லாம் இந்த வளாகத்திலேயே உருவாகின்றன. அந்த டாக்சிக்கு வைத்த பெயர் செஸ்ஃபிகிலே. ஜூலு மொழியில் "வந்து சேர்ந்தாச்சு" என்று அர்த்தம்.

நம் பஸ் மட்டும் வந்து சேரவில்லை. பேசி முன்பணம் கொடுத்த வண்டி ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. கார் ஆலைக்குப் போக வண்டி கிடைக்காமல் 42 பேர் கூடத்து வாசலில் நின்றதைப் பார்த்து எதிர்க் கடைக்காரர் சிரித்த சிரிப்பை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை, இங்கே சொல்கிறேன். மூடிய ஷூ கட்டாயம், படம் எடுக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தோம். அப்படியும் இரண்டு பேர் செருப்பில் வந்தார்கள். பக்கத்து வீடுகளில் ஷூ கடன் வாங்கினோம். பஸ் தாமதமானது அதற்காவது உதவியது.

முதலில் பார்த்தது பிரஸ் பகுதி. எஃகுத் தகடு சுருள் சுருளாக வந்து இறங்குகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெரிய அச்சுக்கு நடுவே தகட்டை வைத்து மேலிருந்து அமுக்கினால், ஒரு மூச்சு விடுவதற்குள் கதவின் வெளிப்புறம் தயார். சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் காலுக்குக் கீழே தரையில் தெரிகிறது. வெட்டுப்பட்ட ஓரத் துண்டுகள் கீழே விழுந்து அப்படியே பழைய இரும்பாக உருக்கப் போய்விடுகின்றன.

அடுத்தது வெல்டிங். இங்கே ரோபோக் கைகள்தான் அதிகம். தாமிர முனை இரண்டு, இரண்டு பக்கமிருந்தும் தகடுகளைக் கவ்விப் பிடிக்கின்றன. மின்சாரம் பாய்கிறது, நடுவில் ஒரு பொட்டு அளவு இரும்பு உருகி ஒட்டிக்கொள்கிறது. ஒரு வண்டிக்கு இப்படி ஆயிரக்கணக்கான பொட்டு. பொறி தெறித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நம்மோடு வந்த ஜேக்கப்ஸ் மாமா மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் நாற்பது வருஷம் பேனல் பீட்டராக இருந்தவர், நசுங்கிய வண்டியைத் தட்டி நேராக்குவதே தொழில். "பொறி பறந்தா இரும்பு வெளியே சிந்துதுன்னு அர்த்தம். நல்ல வெல்டிங் சத்தம் போடாது" என்றார். வழிகாட்டி திரும்பிப் பார்த்து, "அங்கிள் சொல்வது சரி" என்றார். அதற்கப்புறம் பிள்ளைகள் வழிகாட்டியை விட்டுவிட்டு மாமாவின் பின்னால் போனார்கள்.

பெயிண்ட் பகுதிக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை, படத்தில்தான் காட்டினார்கள். முழு உடலையும் பெயிண்ட் தொட்டிக்குள் முக்கி மின்சாரம் விடுகிறார்கள். அப்போதுதான் கை நுழையாத பொந்துக்குள்ளும் பூச்சு ஒட்டும், துரு பிடிக்காது. பிறகு அடுப்பில் சுடுகிறார்கள். ஏன் உள்ளே விடுவதில்லை என்று நம் பெண்கள் அணி கேட்டது. தூசு, முடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்பனைப் பொருளில் இருக்கிற சிலிகோன். அது துளி பட்டாலும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடுமாம். நம் பெண்கள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டு அமைதியானார்கள்.

அசெம்பிளி லைனில்தான் அதிக நேரம் நின்றோம். பெயிண்ட் முடிந்த உடலிலிருந்து கதவுகளைக் கழற்றித் தனியே அனுப்பிவிடுகிறார்கள். ஆள் உள்ளே போய்வர இடைஞ்சல் இருக்காது, கதவிலும் கீறல் விழாது. கடைசியில் அதே கதவு அதே வண்டிக்கு வந்து சேர்கிறது. ஹைலக்ஸுக்கு ஏணி மாதிரி தனிச் சேசிஸ் உண்டு. சேசிஸ் ஒரு பக்கமாக வருகிறது, கேபின் மேலிருந்து இறங்கி அதன் மேல் உட்காருகிறது. பத்து வயதுப் பையன் ஒருவன், "அங்கிள், இந்த வண்டியில ஸ்டீரிங் தப்பான பக்கம் இருக்கு" என்று கத்தினான். தப்பு இல்லை, அது ஐரோப்பாவுக்குப் போகிற வண்டி. நமக்கான வலப்பக்க ஸ்டீரிங்கும் அவர்களுக்கான இடப்பக்க ஸ்டீரிங்கும் ஒரே லைனில் அடுத்தடுத்து வருகின்றன. எந்த வண்டிக்கு எது என்று காகிதத்தில் இருக்கிறது, வேலை செய்பவர் அதைப் பார்த்து எடுக்கிறார்.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். லைன் நெடுக, தலைக்கு மேலே, கொடிக்கயிறு மாதிரி ஒரு கயிறு ஓடுகிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு இளைஞன் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரை மாட்டினான். கிளிப் "டக்" என்று உட்கார வேண்டும், உட்காரவில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். கையை உயர்த்திக் கயிற்றை இழுத்தான். மஞ்சள் விளக்கு எரிந்தது, ஒரு சின்ன இசை கேட்டது, மேலே பலகையில் அவன் நிற்கும் இடத்தின் எண் வந்தது. குழுத் தலைவி வேகமாக நடந்து வந்தார், ஓடவில்லை. குனிந்து பார்த்தார். கிளிப்பின் பல் ஒன்று உடைந்திருந்தது. வேறு எடுத்து மாட்டி, அவரே கயிற்றை இழுத்து விளக்கை அணைத்தார். அரை நிமிஷம் இருக்கும். தரையில் போட்டிருக்கும் கோட்டுக்கு வண்டி வருவதற்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்பதில்லை, ஆகாவிட்டால் நின்றுவிடும். யாரும் அந்தப் பையனைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. ரோபோவை நான் டிவியில் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் காரிலிருந்து வந்ததில்லை, தறியிலிருந்து வந்தது. சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும். அதனால் கெட்ட துணி நெய்யப்படுவதில்லை, ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். 1929-இல் அந்தத் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸுக்கு விற்றார்கள். மகன் கீச்சிரோ கார் பக்கம் திரும்பினார், 1937-இல் மோட்டார் கம்பெனி தனியாகப் பிறந்தது. நம் தலைவரின் பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வருவதற்கு முன்னால் காஞ்சிபுரம் பக்கம் தறிக்காரர். "எங்க பாட்டன் அறுந்த நூலைப் பார்க்கக் கண்ணைக் கெடுத்துக்கிட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவர் பேசாமல் நடந்தார்.

ஜேக்கப்ஸ் மாமா நின்ற இடம் வேறு, கடைசிப் பரிசோதனை. குழல் விளக்குகள் வரிசையாக எரிகிற சுரங்கம் மாதிரி ஒரு இடம். பளபளக்கும் தகட்டில் விளக்கின் கோடுகள் நேராக விழுகின்றன. எங்கே கோடு வளைகிறதோ அங்கே தகட்டில் பள்ளம் என்று அர்த்தம். கண் போதாது என்று பருத்திக் கையுறை போட்ட ஒரு அம்மா உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கதவின் நீளத்துக்கு மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். மாமாவின் கையும் காற்றில் கூடவே போனது, எனக்குத் தெரிந்து அவர் அறியாமலே. "விரல் நுனியால பார்த்தா ஏமாத்திடும். உள்ளங்கைதான்" என்றார். அந்த அம்மா ஜூலுவில் என்னவோ கேட்க, மாமா ஜூலுவிலேயே பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன பேசினீர்கள் என்றால் தொழில் ரகசியம் என்கிறார். அவரைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நாள் பேச வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம், ஆகஸ்டில் பேசினார். இருபது வருஷமாக நம் சங்கத்தில் நாற்காலி அடுக்குவது மட்டும்தான் அவருக்கு நாம் கொடுத்த வேலை. இதைச் செயலாளர் என்ற முறையில் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

வெளியே வரும்போது 2022 வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏப்ரல் 12 அன்று நம் வீடுகளுக்குள் சேறு வந்த அதே நாள் ஆலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மாதக்கணக்கில் வேலை நின்றது. முழுகிய வண்டிகள் 4,000-க்கும் மேல். துடைத்து விற்காமல் எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். அந்த மாதங்களை வீட்டில் உட்கார்ந்து எண்ணிய குடும்பங்கள் இந்தக் கூடத்திலும் இருக்கின்றன. அதனால் அதிகம் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது. செப்டம்பர் கமிட்டியில் பிள்ளைகள் நாட்டிய நாடகத்தை அக்டோபர் கடைசியில் வைக்கலாம் என்று பேசி, கூடம் பதிவு செய்யும் கட்டத்துக்கு வந்துவிட்டோம். அழைப்பிதழ்ப் பெண் கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையோ இழுப்பதுபோல் செய்தாள். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. "மெட்ரிக் பரீட்சை, மாமா. ஆடுறவங்கள்ல அஞ்சு பேர் மெட்ரிக்" என்றாள். நாடகத்தை டிசம்பருக்குத் தள்ளினோம். அதிலிருந்து கமிட்டியில் "கயிறு" என்றால் எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும் என்று ஆகிவிட்டது. பொருளாளர், ஒரு கூட்டத்தில் நாலு கயிறு வந்தால் டீ ஆறிப்போகிறது என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். அதுவும் கோப்பில் இருக்கிறது.

பயணக் கணக்கு: தலைக்கு 80 ராண்ட் வாங்கினோம், பஸ் வாடகையில் குறைந்ததைச் சங்கம் போட்டது. முழு வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்கள் இருவருக்காக அறிக்கை முடிந்ததும் எழுந்து நிற்போம்.

கடைசியாக ஒன்று. திரும்பும்போது பிள்ளைகள் பஸ்ஸிலேயே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதில் இடது கால் கறுப்பு ஷூ ஒன்று, கடன் வாங்கியதாக இருக்கலாம், எட்டு மாதமாக என் பக்கியின் பின்னால் கிடக்கிறது. வலது கால் யாரிடம் இருக்கிறதோ, கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளவும்.